தைப் பனிக்குச் செட்டிநாட்டு மசாலா ரம்: வீட்டில் பதமாகக் கலக்கும் முறை

பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ, கல்பாசி. இந்த ஐந்தும் ஒரே பாத்திரத்தில் கொதித்தால் செட்டிநாட்டுக்காரர் மூக்கு கோழிக்குழம்பைத்தான் தேடும். சூடான மசாலா ரம்மை வீட்டில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்டவர்கள் சொல்லும் குறையும் அதுவேதான்: "பிரியாணித் தண்ணியில சரக்கை ஊத்துன மாதிரி இருக்கு." தப்பு மசாலாவில் இல்லை. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, ஒரே நேரம் கொதிக்கவிட்டு, ரம்மையும் அதிலேயே ஊற்றிக் காய்ச்சுவதுதான் தப்பு. குழம்புக்கு அது சரி. எண்ணெயும் வெங்காயமும் தேங்காயும் சேர்ந்து எந்த மசாலாவையும் அடக்கிக்கொள்ளும். வெறும் தண்ணீரில் அடக்க ஆள் கிடையாது; அரைக் கிராம்பு கூடினாலும் நாக்கில் தெரியும்.

அதனால் இந்த முறையில் மசாலா முழுக்கக் கருப்பட்டிப் பாகுக்குள் போகிறது. ரம் அடுப்புப் பக்கமே வருவதில்லை. பாகை ஒருமுறை காய்ச்சி வைத்துவிட்டால் பதினான்கு டம்ளர் வரை கலக்கலாம். ஒவ்வொரு டம்ளரும் இரண்டு நிமிட வேலை.

ஸ்காட்லாந்துப் பக்கம் விஸ்கி, தேன், எலுமிச்சை, வெந்நீர் சேர்த்துக் குடிக்கும் 'ஹாட் டாடி'யின் உறவுக்காரப் பானம்தான் இது. அந்த 'டாடி' என்ற சொல்லே பனங்கள்ளைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. பனையின் பெயரை வைத்துக்கொண்டு பனையை விட்டுவிட்டார்கள். தேனுக்குப் பதில் கருப்பட்டி போடும்போது அது பனைக்கே திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

காலம் பற்றியும் ஒரு வார்த்தை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் குளிர் என்றால் விடியற்காலையில் 20 டிகிரி வந்தாலே போர்வையைத் தேடும் குளிர்தான். பனிநாட்டுச் செய்முறையில் உள்ள சூட்டையும் இனிப்பையும் அப்படியே எடுத்தால் இங்கே பாதி டம்ளரில் வியர்த்துவிடும். கீழே உள்ள அளவுகள் இந்த ஊர்ப் பனிக்குக் குறைத்தவை. மார்கழியில் பல வீடுகளில் குடி கிடையாது, பிள்ளையார் நோன்பும் அப்போது வரும். எனவே இது தை, மாசிக்கான சங்கதி. 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்பார்கள். மச்சு உள்ள பெரிய வீடுகளின் முகப்பில் ராத்திரி ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் அது எவ்வளவு உண்மை என்று தெரியும். தையில் திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாளான தைப்பூசம், குடியரசு தினம் என்று மூன்று நாள் டாஸ்மாக் மூடியிருக்கும். விருந்து வைப்பவர்கள் நாள்காட்டியைப் பார்த்துவிட்டு வாங்கி வைப்பது நல்லது.

மசாலாப் பாகுக்குத் தேவையானவை (சுமார் 350 மி.லி. கிடைக்கும்)

கருப்பட்டி 200 கிராம்
தண்ணீர் 400 மி.லி. (கருப்பட்டிக்கு 150, மசாலாவுக்கு 250)
சுருள் பட்டை, 2 அங்குலத் துண்டு இரண்டு
சுக்கு, 1 அங்குலத் துண்டு ஒன்று
மிளகு 15
கிராம்பு 5
ஏலக்காய் 6
அன்னாசிப்பூ, முழுசாக ஒன்று
கல்பாசி, கட்டைவிரல் நகம் அளவு
கமலா ஆரஞ்சுத் தோல், விரல் நீளத்தில் இரண்டு கீற்று
உப்பு ஒரு சிட்டிகை

ஒரு டம்ளருக்கு: ரம் 45 மி.லி., பாகு 25 மி.லி., வெந்நீர் 110 மி.லி., எலுமிச்சைச் சாறு 10 மி.லி., மேலே துருவ ஜாதிக்காய்.

மசாலாவைத் தேர்வது

பாதி வேலை இங்கேதான் இருக்கிறது. கடையில் 'பட்டை' என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது தடிமனான, மரப்பட்டை மாதிரியே இருக்கும் ரகம். அதன் காரம் கறிக்கு நல்லது. இதற்கு இலங்கையிலிருந்து வரும் சுருள் பட்டைதான் வேண்டும். தாள் போல மெல்லிய அடுக்குகளைச் சுருட்டிய மாதிரி இருக்கும், விரலால் நசுக்கினால் நொறுங்கும், வாசம் இனிப்பாக இருக்கும். தடிப் பட்டைதான் இருக்கிறது என்றால் பாதி அளவு போடுங்கள். எந்தப் பட்டையானாலும் பொடி மட்டும் வேண்டாம். பட்டைப் பொடி தண்ணீரில் ஊறினால் கொழகொழவென்று ஆகிவிடும். வடிகட்டினாலும் போகாது, டம்ளரின் அடியில் சளி மாதிரி நிற்கும்.

கிராம்பு ஐந்தே ஐந்து. அதன் வாசத்துக்குக் காரணமான யூஜினால் என்ற எண்ணெய் நாக்கை மரத்துப்போகச் செய்வது. பல் வலிக்குக் கிராம்பு எண்ணெய் தடவுவதும் இதனால்தான். எட்டு, பத்து என்று போனால் பானம் பல் டாக்டர் அறை வாசம் அடிக்கும், அதற்குப் பிறகு எதைப் போட்டாலும் ருசி தெரியாது. தலையில் உருண்டை உள்ள, நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசியும் கிராம்பாகப் பாருங்கள். தண்ணீரில் போட்டால் நல்ல கிராம்பு அமிழும் அல்லது நிமிர்ந்து மிதக்கும். படுத்துக்கொண்டு மிதப்பது எண்ணெய் எடுத்த சக்கை.

அன்னாசிப்பூவின் மணம் சோம்புக்கும் அதற்கும் பொதுவான அனெத்தோல் என்ற எண்ணெயிலிருந்து வருகிறது. இனிப்பான மணம்தான், ஆனால் கூட்டத்தில் இதன் குரல்தான் பெரிது. ஐந்து நிமிடத்துக்கு மேல் கொதித்தால் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். அதனால் கடைசியில் போட்டு முதலில் எடுக்க வேண்டும். இது இருக்கும்போது சோம்பு தேவையில்லை.

சுக்கைப் பச்சை இஞ்சிக்கு மாற்றாக நினைக்க வேண்டாம். இஞ்சி காயும்போது அதிலுள்ள காரப்பொருளே மாறி, இன்னும் உறைப்பான ஒன்றாகிறது. இஞ்சி நாக்கு நுனியில் சுரீர் என்றுவிட்டுப் போகும், சுக்கு தொண்டையில் உட்கார்ந்து நின்று எரியும். பனிக்கு வேண்டியது இரண்டாவது. மேல்தோலைக் கத்தியால் சுரண்டிவிட்டு, கல்லில் தட்டி நான்கைந்து சிம்பாக்கிப் போடுங்கள். மிளகும் அப்படித்தான், ஒன்றிரண்டாக உடைந்தால் போதும். பொடித்தால் அடியில் தங்கி, கடைசி மடக்கில் மொத்தமாக ஏறி இருமல் வரும்.

கல்பாசி பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த டம்ளரைச் செட்டிநாட்டு டம்ளர் ஆக்குவது அதுதான். கல்லிலும் மரத்திலும் படரும் பாசியும் பூஞ்சையும் ஒன்றாக வாழும் உயிர் அது. உலர்ந்த நிலையில் மோந்தால் ஒன்றுமே இருக்காது. சூடு பட்டால்தான் ஈர மண்ணும் விறகுப் புகையும் கலந்த மாதிரி மணம் கிளம்பும். குழம்பில் எண்ணெயில் தாளிப்பதால் மணம் தானாக வந்துவிடுகிறது. இங்கே எண்ணெய் கிடையாது. எனவே வெறும் சட்டியில் மெல்லிய தீயில் பத்து விநாடி புரட்டி, ஓரம் லேசாகச் சுருண்டதும் எடுத்துவிட வேண்டும். கருகினால் பீடித் துண்டு வாசம். புரட்டும் முன் உள்ளங்கையில் வைத்துத் தட்டுங்கள். மரத்தூளும் மண்ணும் உதிரும். நகம் அளவுக்கு மேல் போட்டால் மழையில் நனைந்த கதவைக் கடித்த மாதிரி ஆகிவிடும். சரியான அளவில் போட்டால் என்ன போட்டிருக்கிறது என்றே சொல்லத் தெரியாது, ஆனால் கருத்த ரம்மின் மரப்பீப்பாய் வாசம் இரண்டு மடங்கானது போல இருக்கும்.

மராத்தி மொக்கு, பிரிஞ்சி இலை இரண்டையும் தொடாதீர்கள். மொக்கு கசக்கும். பிரிஞ்சி இலை விழுந்த கணமே பிரியாணி.

ஜாதிக்காயை நாட்டு மருந்துக் கடையில் வாங்குவதானால் கையில் வாங்கிப் பாருங்கள். பக்கத்து டப்பாவிலேயே மாசிக்காய் இருக்கும். அவசரத்தில் மாற்றிக் கட்டிக் கொடுப்பதும் உண்டு. மாசிக்காய் சிறு உருண்டை, மேலே முள் மாதிரிக் கொப்புளங்கள், நாக்கில் வைத்தால் வாய் முழுக்கத் துவர்க்கும். ஜாதிக்காய் முட்டை வடிவில் பெரிதாக இருக்கும். வெட்டினால் உள்ளே பளிங்குக் கல் போலப் பழுப்பு வரிகள் ஓடும். டம்ளருக்கு இரண்டு இழுப்புத் துருவல் போதும். வாசம் நன்றாக இருக்கிறதே என்று கரண்டிக் கணக்கில் போடக் கூடாது. அளவு மீறினால் ஜாதிக்காய் நஞ்சு.

கருப்பட்டி

சிரட்டையில் ஊற்றி எடுத்த உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டி கிடைத்தால் நல்லது. ஒரு துணுக்கை வாயில் போட்டுப் பாருங்கள். இனிப்புக்குப் பின்னால் லேசான கரிப்பும் புகை வாடையும் வர வேண்டும். வெறும் இனிப்பு மட்டும் என்றால் சீனி கலந்தது. பானம் காப்பிக்கடைக் கஷாயம் மாதிரி மொட்டையாக இருக்கும்.

பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். அதில் கொஞ்சம் கருப்பட்டியிலும் வந்துவிடும், கூடவே மணலும் தூசும். அதனால் இரண்டு காரியம் கட்டாயம்: பாகைத் துணியில் வடிகட்டுவது, வடிகட்டியதையும் பத்து நிமிடம் அசையாமல் தெளிய வைப்பது. எலுமிச்சையும் வெல்லத்துக்குப் போடுவதைவிடச் சற்றுத் தூக்கலாகவே பிடிக்கும். வெல்லத்தில் செய்வதானால் டம்ளருக்கு 7 மி.லி. சாறு போதும், ஆழம் மட்டும் குறையும்.

பாகு காய்ச்சுவது

முதலில் பாத்திரம். தாளிப்புச் சட்டி, மீன்குழம்புச் சட்டி, பூண்டு நசுக்கிய கல்லுரல் எதுவும் ஆகாது. சட்டியில் ஒட்டிய பெருங்காயமும் உரலில் ஊறிய பூண்டும் கழுவினாலும் போகாத சாதி. கறியில் அது தெரியாது, இதில் முதல் வாயிலேயே தெரியும். பால் காய்ச்சும் எவர்சில்வர் பாத்திரம் ஒன்றும், தட்டுவதற்குக் கழுவித் துடைத்த பூரிக்கட்டையும் போதும்.

கருப்பட்டியைத் தட்டி 150 மி.லி. தண்ணீரில் போட்டுச் சிறுதீயில் கரையவிடுங்கள். கரைந்ததும் துணியில் வடிகட்டித் தெளிய வைத்து, அடியில் நிற்கும் கடைசி இரண்டு கரண்டியை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் சாய்த்து எடுங்கள். அதை மீண்டும் அடுப்பேற்றி நான்கைந்து நிமிடம் கொதிக்க வையுங்கள். கம்பிப் பதமெல்லாம் வேண்டாம். இரண்டு விரலில் தொட்டால் பிசுக்கென்று ஒட்டும் பதம். பணியாரப் பாகு காய்ச்சிப் பழகிய கை அதிலேயே ஒரு பதம் கூடுதலாக நிற்கும். அங்கே போய்விட்டால் ஆறியதும் கட்டியாகி, வெந்நீரிலும் அடியில் உருண்டையாகக் கிடக்கும். அப்படி ஆனால் 50 மி.லி. தண்ணீர் விட்டு இளக்கிக்கொள்ளலாம்.

இன்னொரு பக்கம் பட்டை, கிராம்பு, மிளகு மூன்றையும் வெறும் சட்டியில் அரை நிமிடம் சூடேற்றுங்கள். வறுக்க வேண்டாம், வாசம் மூக்குக்கு வந்ததும் நிறுத்துங்கள். எண்ணெய் ஒரு சொட்டும் கூடாது, பானத்தின் மேல் கண் கண்ணாக மிதக்கும். அவற்றோடு சுக்கையும் 250 மி.லி. தண்ணீரில் போட்டு, மூடி வைத்து, மெல்லிய கொதியில் பத்து நிமிடம். மூடி முக்கியம், அறை முழுக்க மணத்தால் அவ்வளவும் டம்ளருக்கு வராமல் போன மணம். பிறகு அன்னாசிப்பூ, ஐந்து நிமிடம். அடுப்பை அணைத்து அன்னாசிப்பூவை எடுத்துவிட்டு, தோலோடு இடித்த ஏலக்காய், புரட்டிய கல்பாசி, ஆரஞ்சுத் தோல் மூன்றையும் போட்டு மறுபடி மூடி பத்து நிமிடம் விடுங்கள். ஏலக்காய் கொதித்தால் சூடம் மாதிரியான வாடை தலைதூக்கும், ஆரஞ்சுத் தோல் கொதித்தால் கசக்கும். இரண்டுக்கும் சூடு போதும், கொதி வேண்டாம். தோலைச் சீவும்போது உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி வராமல் மெல்லியதாகச் சீவ வேண்டும். இந்த ஆரஞ்சுத் தோல்தான் பிரியாணி நினைப்பை விரட்டுவது. இதை விட்டால் எலுமிச்சை மட்டும் தனியாக அந்த வேலையைச் செய்து முடிக்காது. நார்த்தங்காய்த் தோல் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: ஊறுகாய்க்கு அருமையான கசப்பு, இதற்கு அதிகம்.

வடிகட்டினால் 150 மி.லி. அளவில் கஷாயம் இருக்கும். அதைப் பாகில் ஊற்றி, உப்புச் சிட்டிகையைப் போட்டுக் கலக்கி, மீண்டும் கொதிக்கவிடாமல் ஆறவையுங்கள். உப்பு கரிப்புக்கு அல்ல, கருப்பட்டியின் கசப்பைத் தணிக்க.

ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் பத்து நாள் தாங்கும். இது நீர்த்த பாகு. வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் மேலே நுரை கட்டும், மூடியைத் திறந்தால் புஸ் என்று சத்தம் வரும். புளிக்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள், கொட்டிவிடுங்கள்.

டம்ளரில் கலப்பது

எந்த ரம் என்றால், ஓல்ட் மங்க் போன்ற கருத்த ரம். அதில் ஏற்கெனவே வெண்ணிலா மாதிரியான இனிப்பு வாசம் இருப்பதால் இனிப்பு குறைவாகப் பிடிப்பவர்கள் பாகை 20 மி.லி. ஆக்கலாம். வெள்ளை ரம் இந்த மசாலாவுக்கு முன் நிற்காது. பிராந்திதான் பழக்கம் என்பவர்கள் கருப்பட்டிக்குப் பதில் பனங்கற்கண்டில் பாகு காய்ச்சி, கல்பாசியை விட்டுவிடுங்கள். பிராந்தியின் பழவாசத்தோடு அந்த மண்வாசம் சேராது.

பெக் அளவி இல்லாவிட்டால் மேசைக்கரண்டி 15 மி.லி.; மூன்று கரண்டி ரம். 180 மி.லி. குவாட்டர் ஒன்றில் சரியாக நான்கு டம்ளர்.

முதலில் டம்ளரை வெந்நீரால் அலசிச் சூடாக்கிக் கொட்டிவிடுங்கள். பாகு, அதன்மேல் வெந்நீர், கலக்கல், பிறகு ரம், கடைசியில் எலுமிச்சை. தண்ணீர் கொதித்து அடுப்பை அணைத்த பின் இரண்டு நிமிடம் பொறுத்து ஊற்றினால் 90 டிகிரி அளவில் இருக்கும். அறைச்சூட்டில் உள்ள ரம்மும் பாகும் சாறும் சேர்ந்ததும் டம்ளரில் 60 சொச்சத்துக்கு இறங்கும். உதட்டில் வைத்து உறிஞ்சலாம், கை சுடாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாகை அப்படியே ஊற்றினால் அந்தச் சூடு கிடைக்காது. பாட்டிலை முன்னதாகவே வெளியே வைத்துவிடுங்கள்.

ரம்மை ஏன் காய்ச்சக் கூடாது? சாராயத்தின் கொதிநிலை 78 டிகிரி. தண்ணீர் கொதிக்கும் முன்பே அது கிளம்பிவிடும், மிச்சம் இருப்பது ரம் வாசம் போன தித்திப்பு நீர். அதைவிடப் பெரிய காரணம், சூடான ரம்மின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். கேஸ் அடுப்புப் பக்கத்தில் பாட்டிலைத் திறந்து சாய்ப்பதும் அதே வகை ஆபத்துதான். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மேசைக்கு எடுத்து வந்த பிறகே மூடியைத் திறங்கள். டம்ளரும் 70 டிகிரிக்கு மேல் இருந்தால் முகத்தருகே கொண்டுபோகும்போதே ஆவி மூக்கில் ஏறி இருமவைக்கும். "ரம் மட்டமான சரக்கு" என்று பழி போடுகிறவர்கள் பாதிப் பேர் அதிகச் சூட்டில் குடித்தவர்கள்.

எலுமிச்சையைக் கடைசிச் சொட்டு வரை முறுக்கிப் பிழியாதீர்கள். தோலின் கசப்பும் நசுங்கிய விதையின் கசப்பும் சூட்டில் இரட்டிப்பாகத் தெரியும். சாற்றைத் தனியாகப் பிழிந்து வடிகட்டி, அளந்து ஊற்றுவதே வழி. மேலே ஜாதிக்காய் இரண்டு இழுப்பு, ஓர் ஆரஞ்சுத் தோல் கீற்றை டம்ளருக்கு மேல் முறுக்கி உள்ளே போட்டால் முடிந்தது.

டம்ளர் எது என்பதும் சின்ன விஷயம் இல்லை. எவர்சில்வர் டம்ளர் உதட்டைச் சுடும். பீங்கான் மக் வசதி. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் எனாமல் குவளைகள் பார்க்க அழகுதான், ஆனால் உட்புறம் பெயர்ந்ததை அலமாரியில் வைக்க மட்டும் வாங்குங்கள். பெயர்ந்த இடத்தில் இரும்பு புளிப்பைத் தொட்டுக் கறையும் துருச்சுவையும் வரும். ஈயம் பூசாத பித்தளை, செம்பு டம்ளர்களில் எலுமிச்சை விழவே கூடாது.

குடித்துப் பார்த்து ஏதாவது இடித்தால் பெரும்பாலும் டம்ளரிலேயே சரிசெய்யலாம். தித்திப்பு தூக்கல் என்றால் தண்ணீர் ஊற்றாமல் அரைத் தேக்கரண்டி எலுமிச்சை. தண்ணீர் விட்டால் தித்திப்போடு மற்றதும் கரைந்துபோகும். காரம் அதிகம் என்றால் இன்னும் கொஞ்சம் பாகு சேர்ப்பது இயல்பாகத் தோன்றும், ஆனால் காரமே பாகில்தான் இருக்கிறது. வெறும் கருப்பட்டிக் கரைசல் ஒரு கரண்டி விடுங்கள். நாக்கு மரத்தால் கிராம்பு கூடிவிட்டது. அதற்கு டம்ளரில் மருந்து இல்லை, கிராம்பில்லாமல் இன்னொரு பாகு காய்ச்சி இதோடு பாதிக்குப் பாதி கலப்பதுதான்.

எட்டுப் பேருக்கு

ஒன்றரை லிட்டர் பிளாஸ்க்கில் 200 மி.லி. பாகும் 880 மி.லி. கொதிநீரும் ஊற்றிக் குலுக்கி மூடுங்கள். ரம்மையும் எலுமிச்சையையும் பிளாஸ்க்கில் ஊற்ற வேண்டாம். மூடித் திறக்கும்போதெல்லாம் சாராயம் பறக்கும், எலுமிச்சை ஒரு மணி நேரச் சூட்டில் கசந்துவிடும். டம்ளரில் 45 மி.லி. ரம், 10 மி.லி. சாறு, பிளாஸ்க்கிலிருந்து 135 மி.லி. இரண்டு குவாட்டர் எட்டுப் பேருக்குக் கணக்காக வரும். காப்பி பிளாஸ்க் என்றால் முந்தின நாளே சோடா உப்புக் கரைத்த வெந்நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள்.

இதில் இன்னொரு சௌகரியம், குடிக்காதவர்களுக்கும் அதே பிளாஸ்க். பழனிப் பாதயாத்திரைக்கு விரதம் இருப்பவர்கள், வண்டி ஓட்ட வேண்டியவர்கள், வீட்டுப் பெரியவர்கள் என்று எந்தக் கூட்டத்திலும் நாலு பேர் இருப்பார்கள். ரம்முக்குப் பதில் கெட்டியாக இறக்கிய பால் இல்லாத தேயிலைச் சாறு 45 மி.லி. விட்டால் அதன் துவர்ப்பு ரம்மின் உறைப்புக்கு ஈடுகொடுக்கும். வெறும் தண்ணீரில் நீட்டினால் பானகம் ஆகிவிடும். கேட்டுவிட்டு ஊற்றுங்கள், பார்வைக்கு இரண்டும் ஒரே நிறம்.

எலுமிச்சை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தேங்காய்ப்பால் வழி இருக்கிறது. முதல் பால் 60 மி.லி., வெந்நீர் 50 மி.லி., பாகு 25 மி.லி., ரம் 45 மி.லி. இதில் எலுமிச்சை கிடையாது. தேங்காய்ப்பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் பிரியும், வெதுவெதுப்பாக்கி இறக்குங்கள். ரம் குடித்த மாதிரி இருக்காது, பால் பணியாரத்தின் மிச்சப் பாலைக் குடித்த மாதிரி இருக்கும். அதனாலேயே எவ்வளவு உள்ளே போகிறது என்பது தெரியாது.

கூடவே கடிக்கத் தேன்குழலோ மிளகு வறுவலோ. இனிப்புப் பலகாரம் வேண்டாம், டம்ளரிலேயே போதுமான கருப்பட்டி இருக்கிறது.

ஒரு டம்ளரில் சாராயம் ஏறக்குறைய 10 சதவீதம். ஒயினைவிடக் கொஞ்சம் இளசு, பீரைவிட இரண்டு பங்கு. சூடாக, இனிப்பாக இருப்பதால் வேகமாக இறங்கும். இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சுக்கும் மிளகும் இருக்கிறதே, சளிக்கு மருந்து என்று சொல்லிக் குடிக்கும் பழக்கம் தவறு. சளி மாத்திரையும் பாரசிட்டமாலும் போட்ட நாளில் இதைத் தொடக் கூடாது. உடம்பு சூடாவது போலத் தோன்றுவதும் தோலுக்கு ரத்தம் கூடுதலாக வருவதால்தான். உள்ளே இருக்கும் சூடு உண்மையில் வெளியேறிக்கொண்டிருக்கும். போர்வையை வைத்துவிட்டு வாசல் திண்ணையில் படுத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மது விற்பது குற்றம், வீட்டிலும் அதே கோடு இருக்கட்டும். லேபிள் இல்லாத சரக்கு எதுவும் இந்த டம்ளருக்குள் வரக் கூடாது. கள்ளச்சாராயத்து மெத்தனாலை எந்த மசாலாவும் காட்டிக்கொடுக்காது.

பாகு மீந்தால் பத்து நாள் முடியும் முன் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலோடு ஊற்றுங்கள், கவுனி அரிசி மேலும் விடலாம். வடிகட்டிய பட்டையை மட்டும் கழுவிக் காயவைத்தால் இன்னொரு முறைக்குப் பாதி மணம் தரும். மற்றவை சக்கை.